அல்லிக்குக் குளிர்கால ஓய்வு

இந்த வீட்டில் இனி என் சொல்தான் எடுபடும் என்று நான் தீர்மானித்ததற்குக் காரணம் ஒரு குளியல் தொட்டி.

திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் எனக்கு வேலை. எங்கள் வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறும்போது, தன் தோட்டத்துத் தொட்டியை எனக்கே தந்துவிட்டுப் போனார். சிங்கக் கால் வைத்த இரும்புத் தொட்டி. அதில் அவர் குளிக்கவில்லை. ஊதா அல்லி வளர்த்தார். அல்லியோடு ஓர் ஆங்கிலத் தோட்டப் புத்தகமும் வந்தது.

தொட்டி கொல்லையில் இறங்கியதும் என் மனைவி எல்சி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"என்னப்பா, துரைசானியள் மாதிரி ஒருக்கா இதுக்குள்ள சுடுதண்ணியில நீட்டி நிமிந்து கிடந்து குளிக்க வேணும்."

"அப்ப அல்லி எங்க போறது?"

"ஒரு வாளிக்குள்ள விடுங்கோ."

"துரையின்ர அல்லி வாளிக்குள்ளயோ? ஏலாது!"

அவள் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். கல்யாணம் கட்டி நான் வென்ற முதல் வழக்கு அது. அன்று மீசையைக் கொஞ்சம் முறுக்கியும் விட்டேன்.

ஐப்பசி பிறந்தது. ஒரு பின்னேரம் வேலையால் வந்தால், அந்தப் புத்தகம் நான் வழக்கமாக உட்காரும் கதிரையில் விரிந்து கிடந்தது. காற்று புரட்டியிருக்கும் என்று நினைத்தேன். விரிந்த பக்கத்தில், வெப்ப நாட்டு அல்லியைக் குளிர்காலம் வருமுன் கிளப்பி, கிழங்கைக் கழுவி, ஈர மணலில் புதைத்து, இருட்டில் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

"எல்சி, அல்லியைக் கிளப்பப் போறன். குளிர்காலம் வருகுது."

"இதென்ன விசர்க்கதை? திருகோணமலையில எங்க பனி கொட்டுது? மார்கழியில நத்தார்ப் பூசைக்குக் கோட்டுப் போட்டுப் போய் வேர்த்து ஒழுகி வந்த ஆள் நீங்கள்!"

"புத்தகம் பிழை சொல்லுமோ?"

"கிளப்பாதேங்கோ. நான் சொல்லுறன், கிளப்பாதேங்கோ."

ஒருமுறை சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். இரண்டு முறை சொல்லிவிட்டாள். ஆண்பிள்ளை பிறகு என்ன செய்வது? சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினேன்.

கிழங்கு பிஸ்கட் தகரத்துக்குள் போய் எங்கள் கட்டிலுக்குக் கீழே படுத்தது. காலையில் மூடியைத் திறந்து தண்ணீர் தெளிப்பேன். எல்சி வாசலில் நின்று, "பிள்ளை நித்திரையோ?" என்று கேட்பாள். கேட்கட்டும்.

பிறகு வெறுந்தொட்டியைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினாள்.

"மழைத்தண்ணி நிண்டால் நுளம்பு பெருகிக் கடிக்கும். மேல ஒரு கூரை வேணும். உங்களுக்கு உதெல்லாம் ஏலாது. பக்கத்து வீட்டுத் தவராசாத் தம்பியைக் கூப்பிடுவம்."

"ஆருக்கு ஏலாது? எனக்கோ?"

ஞாயிறு பூசை முடிந்ததும் தொடங்கினேன். தென்னோலைக் கிடுகால் கூரை போட்டேன். நாய் தொட்டிக்குள் ஏறிப் படுக்கும் என்றாள். சுற்றிவர மறைப்புக் கட்டினேன். கதவும் வேண்டும் என்றாள், வைத்தேன். கொக்கியை உட்பக்கம் போடச் சொன்னாள். நாய்க்கு எட்டாது என்றாள். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

மாரி கொட்டித் தீர்த்தது. விறகு மட்டும் மளமளவென்று முடிந்தது. "ஈர விறகப்பா, கனக்கத் தேவை" என்றாள். நான் வேலையால் வரும்போதெல்லாம் அவள் தலை ஈரமாக இருக்கும். "மழையில நனைஞ்சிட்டன்" என்பாள். முகமும் நாளுக்கு நாள் பளபளத்தது. கண்டிப்பான புருஷன் வாய்த்தால் பெண்களுக்கு வடிவு கூடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தையில் ஒருநாள் தண்ணீர் தெளிக்கத் தகரத்தைத் திறந்தேன். கிழங்கு முளைவிட்டிருந்தது! வெயில் படவேண்டுமென்று கூரையைப் பிரித்து, அல்லியைத் தொட்டிக்குள் இறக்கினேன். எல்சி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். தோற்றவளின் பெருமூச்சு!

"கிடுகைப் பழுதாக்காமல் அடுக்கி வையுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

பூத்த அன்று, வெற்றியைப் பார்க்க வரும்படி தவராசாவை வேலிக்கு மேலால் கூப்பிட்டேன். வந்து பார்த்தான்.

"பூ நல்ல வடிவு அண்ணை. ஆனா பாட்டு நிண்டு போச்சு."

"என்ன பாட்டு?"

"மாரி முழுக்க, நீங்கள் வேலைக்குப் போன பிறகு அக்கா இந்தத் தொட்டிக்குள்ள இருந்து கோயில் பாட்டுப் படிப்பா. சவுக்கார வாசம் எங்கட வீடு வரைக்கும் வரும். தண்ணி ஆறினால், 'தம்பி, உங்கட அடுப்பிலயும் ஒரு கேத்தில் தண்ணி வையுங்கோ' எண்டு கூப்பிடுவா."

திரும்பிப் பார்த்தேன். எல்சி குனிந்த தலை நிமிராமல் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவளுக்கு அந்தக் குளிப்பறையைக் கட்டிக்கொடுத்த மேசன் நானல்லவா!

மறுபடி ஐப்பசி வந்தது. கதிரையில் புத்தகம். அதே பக்கம். இந்த முறை காற்று ஒரு கொண்டை ஊசியையும் அடையாளத்துக்குச் செருகி வைத்திருந்தது. நான் என்ன, திரும்பவும் ஏமாறும் ஆளா? நடுவீட்டில் நின்று முழங்கினேன்.

"எல்சி! இந்த முறை நான் கிழங்கைக் கிளப்ப மாட்டன்! ஆர் சொன்னாலும் கிளப்ப மாட்டன்!"

"அதைத்தானப்பா நான் போன வருஷமே சொன்னனான்" என்றாள் குசினிக்குள் இருந்து. "இப்பவாவது என்ர சொல்லைக் கேட்டிட்டீங்கள். பொறுங்கோ, தவராசாத் தம்பிக்கும் சொல்லிப்போட்டு வாறன்."

அவள் சொல்லைக் கேட்பதா? நானா? இந்த வீட்டிலா?

சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினேன். குசினியில் எல்சி பெரிய பானையை அடுப்பில் ஏற்றும் சத்தம் கேட்டது.