கோட்டுச்சேரி வயலில் வஞ்சிரம்

காரைக்கால்மேட்டில் ஒரு மாதமாக யாரும் சீரியல் பார்ப்பதில்லை. அதைவிடப் பெரிய கதை கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆறரை மணி ஆனால் போதும், மீன் ஏல மண்டபத்தின் பின்சுவரில் வெள்ளைத் திரை ஏறிவிடும். கோட்டுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். காரைக்காலிலிருந்து ஆட்டோவில் ஏழு பேராக அடைந்து வந்தார்கள். சுண்டல்காரர் இரண்டாவது அடுப்பு வாங்கிவிட்டார்.

படம் ஒன்றே ஒன்றுதான். கறுப்பு வெள்ளை. அரை நூற்றாண்டுக்கு முன்னால் மனிதன் நிலாவில் கால் வைத்தபோது எடுத்த படம். திரையில் ஓடுவது ஏழு நிமிடம். அது பொய் என்று விளக்குவதற்கு இரண்டு மணி நேரம்.

விளக்குகிறவர் சந்திரபால சுவாமிகள். துறவுக்கு முன்னால் அவர் பெயர் பாலகுரு. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'பாலகுரு வீடியோஸ்' என்று கடை வைத்திருந்தார். கல்யாணப் படம் எடுப்பதில் கெட்டிக்காரர். மணமக்களை ரோஜாப்பூவுக்குள் உட்கார வைப்பார், மேகத்தில் மிதக்க விடுவார், கடைசியில் நிலாவில் கொண்டுபோய் இறக்குவார். இந்த வட்டாரத்தில் கல்யாணமானவர்களில் பாதிப் பேர் அவர் தயவில் நிலாவுக்குப் போய்ப் பந்திக்குத் திரும்பி வந்தவர்கள்தான். பிறகு ஆளுக்கொரு கைபேசி வந்தது. மாப்பிள்ளையின் மச்சானே படம் பிடிக்க ஆரம்பித்தான். கடை படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சந்திரன் அவர் கனவில் வந்து, "என்மேல ஒருத்தனும் கால் வைக்கலடா பாலகுரு" என்று அழுதானாம். மறுநாளே தாடி வளரத் தொடங்கியது.

"நானூறு ஜோடிய நான் நிலாவுல உக்கார வெச்சிருக்கேன்!" என்று சுவாமிகள் தொடங்குவார். "எங்கேருந்து? பத்துக்குப் பத்து ரூமுலேருந்து! இந்தப் பாலகுருவாலயே முடியுதுன்னா வெள்ளக்காரனால முடியாதா?"

கூட்டம் கைதட்டும். பொய்ப்படம் எடுத்துப் பிழைத்தவர் வாயில் மெய்தான் வரும் என்று ஊர் தீர்மானித்திருந்தது. அருமையான தீர்மானம்!

அடுத்து மூங்கில் கோலால் திரையைத் தட்டுவார். "இந்தப் பாறையோட நிழலு இந்தப் பக்கம் போவுது. அந்தக் கம்பத்தோட நிழலு அந்தப் பக்கம் போவுது. ஒரே சூரியன்னா நிழலு ஒரே பக்கந்தான வுழுவணும்? ரெண்டு லைட்டு! ஸ்டூடியோ!"

பிறந்ததிலிருந்து மணல்மேட்டில் தங்கள் நிழலோடு நடந்தவர்கள், "ஆமா சாமி, ஆமா சாமி" என்றார்கள். ஒருவர்கூடக் குனிந்து கீழே பார்க்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நிலாவுக்கும் இல்லை. ஆனால் சுவாமிகள் நாளுக்கொரு படி ஏறினார். நிலாப் படம் பொய் என்றால் ராக்கெட் பொய். ராக்கெட் பொய் என்றால் செயற்கைக்கோள் பொய். செயற்கைக்கோளே இல்லை என்றால் அது அனுப்பும் புயல் எச்சரிக்கை? அதுவும் பொய். கடலைப் பற்றிச் சொல்லச் சந்திரனுக்கு மட்டும்தான் உரிமை, அலையை இழுப்பவன் அவன் அல்லவா என்றார். அதைக் கண்டு சொன்னதே விஞ்ஞானம்தான். அந்த ஒன்றை மட்டும் சுவாமிகள் பெரிய மனது பண்ணி மன்னித்திருந்தார்.

சந்திரன் சும்மா இருக்கவில்லை. தினமும் விடியற்காலை ஐந்தரைக்குச் சுவாமிகளிடம் ஓர் எண் சொன்னான். அதை அவர் சீட்டில் எழுதி, வெற்றிலையில் மடித்துப் படகுக்காரர்களுக்குக் கொடுப்பார். கடலில் அந்த எண் காட்டும் இடத்துக்குப் போனால் மீன். காணிக்கை, படகுக்கு ஒரு கூடை மீன். சுவாமிகள் சுத்த சைவம். அதனால் கூடைகள் நேராக ஏலத்துக்குப் போய்விடும்.

எண் பலித்தது. அதுதான் வினை. வஞ்சிரம், கொடுவா என்று வலை நிறைய ஏறியது. அந்த எண்ணை எதில் அடித்துப் படகை ஓட்டினார்கள்? கைக்கு அடக்கமான ஜி.பி.எஸ். பெட்டியில். பெட்டி எதைக் கேட்டு வழி சொல்கிறது? சாட்சாத் அந்தச் செயற்கைக்கோளைக் கேட்டுத்தான். ஊரின் பதினெட்டுப் படகில் ஓர் ஆளுக்கும் இது உறைக்கவில்லை.

தமிழரசிக்கு உறைத்தது. ஊரின் மீனவர் தகவல் மையத்தில் அவளுக்கு வேலை. காற்று எப்படி, அலை எவ்வளவு, இன்று எந்த இடத்தில் மீன் கூடும் என்று செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியை வாட்ஸப் குழுவில் போடுவாள். குழுவில் நூற்று நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். பொய்ச் செய்தி கேட்பது பாவம் என்று சுவாமிகள் சொன்னதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவள் கணவன் முத்துக்குமரன், அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் சுட்ட தோசையைத் தின்றுகொண்டே வெளியேறினான்.

ஐப்பசியில் ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தது. நாளைப் பிற்பகல் முதல் கடல் கொந்தளிக்கும், சூறைக்காற்று வீசும், யாரும் போக வேண்டாம். குழுவில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"ஏங்க, நாளைக்குப் போவாதீங்க. காத்து பிச்சிக்கிட்டு அடிக்கும்னு வந்திருக்கு."

"எதுலேருந்து வந்திருக்கு?"

"செயற்கைக்கோள்லேருந்துதான்."

"இல்லாத கோள்லேருந்து வர்ற காத்துக்கு நான் ஏன் தமிழு பயப்படணும்?" முத்துக்குமரன் சிரித்தான். "நாளைக்குப் பெரிய வேட்டைன்னு சாமி சொல்லிட்டாரு. பதினெட்டுப் படகும் போவுது. தம்பியும் எங்கூடதான் வர்றான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதால் கேட்பானா? சண்டை போட்டால் கேட்பானா? இரண்டையும் ஒரு மாதமாகச் செய்து பார்த்துவிட்டாள். மையத்துக்குத் திரும்பி வந்து, யாராவது ஒருவராவது எச்சரிக்கையைப் பார்த்தார்களா என்று குழுவைத் திறந்தாள்.

குழுவில் மிஞ்சியிருந்தது இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொரு பெயர், 'பாலகுரு வீடியோஸ்'.

அவள் கல்யாணப் படம் எடுத்தவரும் அவர்தான். அப்போது சேமித்த போன் எண். மையத் திறப்பு விழாவைப் படம் பிடித்தபோது, படத்தை அனுப்பட்டும் என்று அவள்தான் அவரைக் குழுவில் சேர்த்தாள். ஊரையே வெளியேற்றிய மனிதர் தான் மட்டும் வெளியேறவில்லை. எப்படி வெளியேறுவார்? சரக்கு எடுக்கிற கடையை யாராவது விடுவார்களா? அவள் எச்சரிக்கைச் செய்தியை அழுத்திப் பார்த்தாள். இரண்டு நீலக் குறி. படித்த நேரம் இரண்டு பதினாறு.

தமிழரசி அந்த நேரத்தை இன்னொரு முறை பார்த்தாள். படித்திருக்கிறான். படித்த பிறகும் போகச் சொல்கிறான்.

இதை அப்படியே கொண்டுபோய்க் காட்டலாம். 'எதிரி என்ன பேசுறான்னு பாக்கத்தான் சாமி உள்ள இருக்காரு' என்பார்கள். பக்தர்களிடம் பதிலுக்கா பஞ்சம்? அவள் கோட்டுச்சேரியில் இருக்கும் தன் கல்லூரித் தோழி தேவிகாவைக் கூப்பிட்டாள்.

"தேவி, பொழுது சாயிறதுக்குள்ள ஒங்க வயலுக்குப் போ. நட்ட நடு வரப்புல நின்னு எனக்கு லொகேஷன் அனுப்பு. ஏன்னு கேக்காத."

அன்று சாயங்காலமும் படம் ஓடியது. முடிந்ததும் ஊர்ப் பஞ்சாயத்தார் சிங்காரவேலு எழுந்தார். முத்துக்குமரனுக்குப் பெரியப்பா அவர். "சாமி, நாளைக்குப் புயலுன்னு நம்ம தமிழு சொல்லுது…"

"டி.வி.யில காட்டுற மேகப் படத்தப் பாத்தீங்களா? அது மேகம் இல்ல, பஞ்சு. கல்யாணப் படத்துல நானே ஒட்டியிருக்கேன்."

"அப்ப நீங்களும் படகுல வாங்களேன் சாமி," என்றாள் தமிழரசி.

"கரையில இருந்துதாம்மா நான் கடலப் பாக்கணும். அப்புடித்தான் எனக்கு உத்தரவு," என்றார் சுவாமிகள். உத்தரவு போட்ட சந்திரன் மேலே தேமே என்று நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் விடியற்காலை நான்கு ஐம்பதுக்குத் தமிழரசி குழுவில் ஒரே ஒரு வரி போட்டாள். 'இன்று மீன் கூடும் இடம்', அதற்குக் கீழே எண். நான்கு ஐம்பத்திரண்டுக்கு நீலக் குறி விழுந்தது. ஐந்தரைக்கு வெற்றிலை வந்தது.

சிங்காரவேலு சீட்டைப் பிரித்துப் பெட்டியில் அடித்தார். முகத்தைச் சுளித்தார். திரும்ப அடித்தார்.

"சாமி, எழுவத்தொம்பது டிகிரி நாப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கு. நம்ம கரையே அம்பத்தொண்ணுலதான இருக்கு? இது தரைக்குள்ளல்ல வருது!"

கடலில் ஒரு நாளாவது கால் வைத்தவன் எழுதியிருக்க மாட்டான் அந்த எண்ணை. சுவாமிகள் சீட்டை வாங்கிப் பார்த்தார். தப்பு நேர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். ஆனால் எதிரே முந்நூறு பேர்.

"சந்திரன் தப்பு சொல்ல மாட்டான்!"

"அதான மாமா," என்று தமிழரசி முன்னால் வந்தாள். "சாமி சொன்னா இருக்கும். கோட்டுச்சேரிப் பக்கந்தான காட்டுது? ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவமே."

முத்துக்குமரனுக்கு ஆனந்தம். பெண்டாட்டிக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது!

புறப்பட்டது ஊர்வலம். நாற்பது மோட்டார் சைக்கிள், இரண்டு லோடு வண்டி. முதல் வண்டியில் டிரைவருக்கும் சிங்காரவேலுவுக்கும் நடுவில் சுவாமிகளைச் செருகியிருந்தார்கள். இறங்கி ஓட வழியில்லை. பின்னால் வலை வந்தது. ஒருவர் ஐஸ் பெட்டிகூடக் கொண்டுவந்தார். நம்பிக்கை என்று வந்துவிட்டால் அரைகுறையாக இருக்கலாமா?

கோட்டுச்சேரியைத் தாண்டி ஒரு வயலோரம் பெட்டி 'கீ கீ' என்று கத்தி, வந்து சேர்ந்தாயிற்று என்றது. நட்டு இருபது நாளான சம்பாப் பயிர். நடுவில் தேவிகாவின் அப்பா தெட்சிணாமூர்த்தி மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க நீங்கள்லாம்? வலையெல்லாம் எதுக்கு?"

"இங்க வஞ்சிரம் கெடக்குதாங்க. சாமி சொல்லிச்சு," என்றார் சிங்காரவேலு. சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"வஞ்சிரமா? நத்தை கெடக்கு. நண்டு கெடக்கு, வரப்பு பூரா ஓட்ட போட்டு என் உசுர வாங்குது. அத வேணா புடிச்சிக்கிட்டுப் போங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். சட்டுனு புடிங்க. மத்தியானத்துக்கு மேல பெருமழையாம், செய்தியில சொன்னாங்க. அதுக்குத்தான் தண்ணிய வடிக்கிறேன்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சுவாமிகள் கையை உயர்த்தினார். "ஆதிகாலத்துல இது கடலா இருந்த எடம்! சந்திரன் அதத்தான்…"

"சாமி, செத்த இருங்க." தமிழரசி கைபேசியைச் சிங்காரவேலுவிடம் நீட்டினாள். "மாமா, காலையில குழுவுல நான் போட்டத படிங்க. அப்புறம் வெத்தலச் சீட்டப் படிங்க."

அவர் படித்தார். கடைசிப் புள்ளி வரை ஒரே எண்.

"இந்த நம்பரு சந்திரன் சொன்னது இல்ல. நேத்து தேவிகா இதே வரப்புல நின்னு அனுப்பிச்சது. நீங்கள்லாம் வெளிய போயிட்டீங்க. இப்ப குழுவுல யாரு இருக்கான்னு நீங்களே பாருங்க. நான் ஒருத்தி, பாலகுரு வீடியோஸ் ஒண்ணு. ஒரு மாசமா நான் ஓசியில போட்டதத்தான் நீங்க கூடை மீன் குடுத்து வாங்கியிருக்கீங்க."

"மோசடி! எனக்குத் தெரியாதா? போன்ல எதை வேணா மாத்தலாம்!" என்று கத்தினார் சுவாமிகள். "படத்தையே நம்பாதீங்கன்னுதான நான்…"

"சரி, படத்த வுடுங்க. தரையப் பாருங்க." தமிழரசி கை காட்டினாள். காலை வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. வரப்பின் சரிவில் நின்ற சுவாமிகளின் நிழல் வளைந்து ஒரு பக்கம் இறங்கியது. சமதரையில் நின்ற சிங்காரவேலுவின் நிழல் வேறு பக்கம் நீண்டது. "ரெண்டு நிழலு ரெண்டு தினுசாப் போவுது. தெட்சிணாமூர்த்தி ஐயா, ஒங்க வயலு எந்த ஸ்டூடியோவுல இருக்கு?"

ஒரு மாதத்தில் முதல்முறையாக ஊர் குனிந்து தரையைப் பார்த்தது.

சிரிப்பு அலையாகக் கிளம்பியது. தமிழரசி மட்டும் சிரிக்கவில்லை. கைபேசியை வாங்கிக் கணவனிடம் கொடுத்தாள். "நேத்து எச்சரிக்கை போட்டேன்ல, அத இவரு எப்ப படிச்சாருன்னு பாருங்க."

முத்துக்குமரன் பார்த்தான். "ரெண்டு பதினாறு," என்றான். அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மேகம் இல்ல, பஞ்சு என்று சாமி சொன்னது அதற்குப் பிறகு, சாயங்காலம்.

"புயலுன்னு தெரிஞ்சுதான் எங்கள அனுப்புனீங்களா சாமி?" அவன் சுவாமிகள் பக்கம் திரும்பினான். "என் தம்பிக்கு இருவத்திரெண்டு வயசு சாமி."

சிரிப்பு நின்றது. சுவாமிகள் சுற்றும் பார்த்தார். பிறகு வரப்பை விட்டு வயலுக்குள் குதித்து ஓட்டமெடுத்தார். மீனவர்கள் யாரும் துரத்தவில்லை. துரத்தியவர் தெட்சிணாமூர்த்தி ஒருவர்தான், "நட்ட பயிர மிதிக்காதடா பாவி!" என்று மண்வெட்டியோடு.

பத்து மணிக்குள் பதினெட்டுப் படகையும் மேட்டில் ஏற்றிக் கட்டினார்கள். பிற்பகல் மூன்றுக்குக் காற்று வந்தது. ஏல மண்டபத்தின் ஓடு பறந்தது. வெள்ளைத் திரையைத் தென்னை மரத்தின் உச்சியில் பார்த்ததாகச் சொன்னார்கள். பதினெட்டுப் படகு ஆட்களும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, குழம்பில் மீன் இல்லை என்று குறைபட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஒரு வாரத்தில் குழு மறுபடியும் நூற்று நாற்பத்திரண்டு ஆயிற்று. 'பாலகுரு வீடியோஸ்' இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஏன் நீக்கவில்லை என்று முத்துக்குமரன் கேட்டான். "எங்க இருக்காரோ, அங்கயும் மழை பெய்யும்ல," என்றாள் தமிழரசி.

அந்தப் படத்தைச் சந்தேகப்பட்டதற்காக நான் ஊரைக் குறை சொல்ல மாட்டேன். சந்தேகம் நல்ல பழக்கம். ஆனால் ஏழு நிமிடப் படத்தை முப்பது நாள் உற்று உற்றுப் பார்த்தவர்கள், அதை ஓட்டிய ஆளை ஒரு நிமிடம் பார்க்கவில்லை. சந்தேகப்படக் கிளம்பினால் பாதி வழியில் இறங்கிவிடாதீர்கள் ஐயா. நிலா வரைக்கும் போனவர்கள், பக்கத்தில் காணிக்கைக் கூடையோடு நிற்கிறானே, அவன் வரைக்கும் போகக் கூடாதா?