நாற்காலிச் சங்கத்தின் ஏழாவது விதி

விபத்துக் காய இழப்பீட்டு அலுவலகம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. தரைத்தளம் முழுக்கக் கோப்புகள். எல்லாம் வயசான கோப்புகள்; மாடி ஏற்றினால் கட்டு அவிழ்ந்துவிடும், ஓரம் கிழிந்துவிடும் என்று அவற்றைக் கீழேயே வைத்திருந்தார்கள். முதல் மாடி அதிகாரிகளுக்கு. பாவம், அவர்கள் அடிக்கடி வெளியே போக வேண்டியவர்கள். இரண்டாம் மாடியில் கூட்டங்கள் நடக்கும் கூடம். மிச்சம் இருந்தது மூன்றாம் மாடி. அதை மோட்டார் சைக்கிள் விபத்தில் கை கால் ஒடிந்து வருகிறவர்களுக்குப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

லிஃப்ட் உண்டு. "பழுது நீக்கம் பரிசீலனையில் உள்ளது" என்று அதன் கதவில் ஓர் அட்டை தொங்கியது. அட்டை நைந்துபோனதால் போன வருஷம் புது அட்டை மாட்டினார்கள். மாட்டும்போது எல்லோரும் கைதட்டினார்கள்.

படிகள் எழுபத்திரண்டு. தையல்காரரின் மனைவி நாலு வருஷமாக எண்ணி வந்த கணக்கு அது.

நாலு வருஷத்துக்கு முன்னால் தையல்காரர், தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். சந்துக்குள்ளிருந்து இன்னொரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டினவன் போனில், "ஹலோ, கேக்குதா? ஹலோ, கேக்குதா?" என்று கத்திக்கொண்டு வந்தான். அந்தப் பக்கம் கேட்டதோ இல்லையோ, தையல்காரரின் வலது முழங்கால் உடைந்த சத்தம் தெருவுக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு தகடு வைத்துத் தைத்தார்கள். "இன்னொரு ஆபரேஷன் பண்ணினா பழையபடி கால் மடங்கும், மெஷின் மிதிக்கலாம். இழப்பீட்டு ஆணையைக் கொண்டு வாங்க, மறுநாளே பண்ணிடலாம்" என்று சொல்லியனுப்பினார்கள். ஆணை வருவதற்கு ஒரு மாசம் ஆகும் என்று அந்த அப்பாவி மனிதர்கள் நினைத்தார்கள்.

வீட்டில் இருந்தது கால் மெஷின். அன்றிலிருந்து பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து மனைவி மிதிப்பாள், அவர் துணியை ஓட்டுவார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வண்டி ஓட்டுகிற கதைதான்.

"மெள்ள... மெள்ள... காலர் வளைவு வருது. நிறுத்து! நிறுத்துன்னேன்ல!"

அவள் மனசு பிரார்த்தனையில் போயிருக்கும். காலர் தோள் வரைக்கும் போயிருக்கும்.

"எந்தக் கடவுளம்மா உன்னை இந்த வேகத்துல மிதிக்கச் சொன்னாரு?"

"உங்க காலுக்காகத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன். பேசாம தையலைப் பிரிங்க."

அவள் வேறு எதையும் கேட்டதில்லை. பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து, ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு வீடு என்று நல்லபடியாக இருந்தார்கள். 'கடவுளே, இந்த மெஷினை அவர் காலாலேயே அவர் மிதிச்சு நான் ஒரு நாள் பார்க்கணும்' என்பதுதான் தினமும் காலையும் மாலையும் அவள் கேட்டது.

மருத்துவக் குழு வருஷத்துக்கு ஒரு முறை கூடும். அது பார்த்து ஆமென்றால்தான் ஆணை. முதல் வருஷம் தையல்காரர் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, நகர்ந்து, ஒரு மணி பத்து நிமிஷத்தில் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார். வாசலில் குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"எப்படி வந்தீங்க?"

"படியேறித்தாங்க."

"மூணு மாடியுமா?"

"ஆமாங்க. உயிரே போயிடுச்சு."

"ஏறிட்டீங்கல்ல?" என்று குமாஸ்தா சந்தோஷமாகக் கேட்டுவிட்டு எழுதினார்: 'மனுதாரர் மூன்று மாடிகளையும் சுயமாக ஏறி வந்தார். காயம் இருப்பதாகக் கூறப்படுவது ஐயத்துக்குரியது.'

இரண்டாம் வருஷம் அவரைக் கீழே உட்காரவைத்துவிட்டு அவள் மட்டும் போனாள். குமாஸ்தா எழுதினார்: 'மனுதாரர் நேரில் தோன்றவில்லை. அவரது அக்கறையின்மை கவனத்தில் கொள்ளப்பட்டது.'

"ஐயையோ, கீழேதான் சார் இருக்காரு. ஜன்னல் வழியா பாருங்க, கை காட்டுறாரு."

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். மரியாதைக்குத் தானும் கை காட்டினார். "நல்லாத்தானேம்மா கை காட்டுறாரு?"

"காயம் கால்ல சார்! ஏறி வந்தா காயமில்லைங்கிறீங்க. வராட்டி அக்கறையில்லைங்கிறீங்க. அப்ப எப்படித்தான் வரணும்?"

குமாஸ்தா கெட்டவர் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "வரணும்மா. ஆனா ஏறக் கூடாது."

அவள் படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கடவுள் அவளுக்கு நேராகப் பதில் சொல்வதில்லை. எதையாவது கண்ணில் காட்டுவார். அன்றைக்குக் கண்ணைத் திறந்தபோது இரண்டு ஆட்கள் கூடத்துக்கு ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசை ஏறவில்லை. ஆனால் மேசை வந்துவிட்டது.

அடுத்த வருஷம், வீட்டு முன்பக்கத் தையல் கடையில் வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலிக்கு அடியில், துணி தொங்கவிடும் இரும்புக் குழாய் இரண்டைக் கட்டி எடுத்து வந்தாள். தூக்க ஆள் வேண்டுமே? காத்திருந்தவர்களில் கழுத்துக்கு மேலே காயம்பட்டவர்களாகப் பார்த்துப் பிடித்தாள். முன்பற்கள் நாலும் போன ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அவரைப் பல்லுக்காரர் என்பார்கள். மூக்கு ஒரு பக்கமாய்ச் சாய்ந்துபோன மூக்குக்காரர். காதுக் காயத்தோடு இன்னும் இரண்டு பேர்.

"கால் காயம் கீழே உட்காரட்டும், தலைக் காயம் மேலே தூக்கட்டும். நம்ம கேஸுக்கு ஒரு பாதகமும் வராது" என்று பல்லுக்காரர் பல்லில்லாமல் தீர்ப்புச் சொன்னார்.

தையல்காரர் ராஜா மாதிரி மூன்றாம் மாடிக்குப் போய் இறங்கினார். அன்றைக்கு டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். ராஜா வந்த வழியே திரும்பினார்.

ஆனால் நாற்காலியைப் பார்த்துவிட்டார்கள் அல்லவா? "எங்க அண்ணனுக்குக் கொஞ்சம் குடுங்கம்மா", "என் மருமகனுக்கு இடுப்புங்க" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவளுக்கு இளகிய மனசு. நாற்காலியை அங்கேயே விட்டுவைத்தாள். கேட்கிறவர்கள் கூடிப்போய் தள்ளுமுள்ளு வந்தது. அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வரிசை எழுதினாள். நோட்டில் சிலர் தங்கள் பெயரைத் தாங்களே மேலே எழுதிக்கொண்டார்கள். அதனால் டோக்கன் வந்தது. மணிக்கட்டு சுளுக்கினவன் ஒருத்தன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சவாரி போனான். அதனால் விண்ணப்பப் படிவம் வந்தது. படிவத்தை யார் வாங்கினார்கள் என்று சண்டை வந்தது. அதனால் ரப்பர் ஸ்டாம்பு வந்தது. இப்படியாக, ஒவ்வொன்றும் நியாயமான காரணத்தோடு, நாற்காலிச் சங்கம் உருவாயிற்று. பல்லுக்காரர் தலைவர், அவள் செயலாளர், மூக்குக்காரர் டோக்கன் பொறுப்பு.

ஸ்டாம்பு வந்த அன்று அவள் அதை வீட்டுக்கு எடுத்து வந்து பழைய செய்தித்தாளில் இருபது தடவை குத்திப் பார்த்தாள்.

"பெறப்பட்டது, பெறப்பட்டது, பெறப்பட்டது" என்று தையல்காரர் வாசித்தார். "என்னத்தைம்மா இத்தனை பெற்றே?"

"சும்மா இருங்க. மை சரியா விழுதான்னு பார்க்கிறேன்."

சங்கத்துக்குப் பேர் பரவியது. நிர்வாகிகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டார்கள். தூக்குபவர்களுக்குத் தோள்பட்டை வைத்த சட்டை. தையல்காரர்தான் தைத்தார், அவள்தான் மிதித்தாள். அடுத்த தெருவில் கண் ஆஸ்பத்திரியில் காத்திருப்போர்கூட, தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒரு சங்கமும் ஸ்டாம்பும் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் குமாஸ்தாவே நொண்டிக்கொண்டு வந்தார். "அம்மா, மேலே வரைக்கும் நாற்காலியில..."

"விபத்துங்களா சார்?"

"இல்லைம்மா, புதுச் செருப்பு கடிச்சிடுச்சு."

"செருப்பு மோட்டார் வாகனத்துல சேராதே சார்."

குமாஸ்தா எழுபத்திரண்டு படியும் ஏறினார். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். இந்த நிம்மதிக்கு நன்றி சொல்லலாமா கூடாதா என்று பிரார்த்தனையில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

பிறகு பல்லுக்காரரின் மச்சான் ஒருவர், மாடியில் வேலை பார்க்கும் சிநேகிதனோடு அரட்டையடிக்க வாரம் மூன்று தடவை நாற்காலியில் போவதாகப் புகார் வந்தது. அவளுக்கு அநியாயம் பொறுக்காது. தன் கையாலேயே ஏழாவது விதியை எழுதினாள்: 'நிர்வாகிகளின் உறவினர் எவரும், முப்பது நாட்களுக்கு முன்பே மூன்று பிரதிகளில் விண்ணப்பித்துச் செயலாளர் கையொப்பம் பெற்றாலன்றி, நாற்காலியில் அமரலாகாது.' எல்லோரும் கைதட்டினார்கள்.

நாலாம் வருஷம் மருத்துவக் குழுவின் கடிதம் வந்தது. இன்னும் ஆறு நாளில் குழு கூடும். காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. வராதவர்களின் கோப்பு நிரந்தரமாக மூடப்படும்.

அன்றைக்கு இருவரும் பத்தேமுக்காலுக்கே போய்விட்டார்கள். படிக்குக் கீழே நாற்காலி காலியாக நின்றது. தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. தூக்குபவர்கள் நாலு பேரும் தோள்பட்டைச் சட்டையோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, டோக்கன்?" என்றார் மூக்குக்காரர்.

"என்னப்பா டோக்கன்? நம்ம வீட்டுக்காரருதானே?"

"அதுதாம்மா சிக்கல்." மூக்குக்காரர் சுவரைக் காட்டினார். ஏழாவது விதி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

"முப்பது நாளா? கடிதம் வந்தே ஆறு நாள்தானே ஆகுது!"

"அலுவலகம் தாமதம் பண்ணினா அதுக்குச் சங்கம் பொறுப்பாகாதும்மா. எட்டாவது விதி."

"நாற்காலி சும்மாதானேப்பா இருக்கு?"

"சும்மா இருக்குறதுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அது அவள் சொன்ன வாக்கியம்தான். போன மாசம் அழுதுகொண்டு வந்த ஒருத்தியிடம் சொன்னது.

"சரி, அவசர மனு குடுக்கிறேன். ஒன்பதாவது விதி இருக்குல்ல?" என்று மூன்று பிரதிகள் வேகவேகமாக எழுதி நீட்டினாள்.

மூக்குக்காரர் கவனமாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. செயலாளர் கையெழுத்து வேணும்."

"நான்தானே செயலாளர்?"

"இன்னைக்கு நீங்க விடுப்பு. வீட்டுக்காரர் கேஸுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"விடுப்பை ரத்து பண்ணிக்கிறேன்."

"தலைவர் ஒப்புக்கணும்."

"அவர் எங்கே?"

"மேலே. அவர் பல்லையும் இன்னைக்குத்தான் பார்க்கிறாங்க."

மணி பதினொன்று நாற்பது. தையல்காரர் முதல் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ எனக்குப் பொண்டாட்டியா வந்தியா, செயலாளரா வந்தியா?"

"விடுப்புல வந்திருக்கேன்" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் முட்டியது. நாலு வருஷம், எழுபத்திரண்டு படி, கடைசியில் தன் கையெழுத்தே வந்து குறுக்கே நிற்கிறது.

அவள் கண்ணை மூடினாள். திறந்தபோது எதிரே மேசையும் இல்லை, மேசை தூக்குகிற ஆளும் இல்லை. தன் இரண்டு கால்கள்தான் தெரிந்தன. நாலு வருஷமாக மெஷினை மிதித்து மிதித்து உலக்கை மாதிரி ஆகிப்போன கால்கள்.

"எந்திரிங்க" என்றாள். "முதுகுல ஏறுங்க."

"ஏய், என்னது இது, இந்த வயசுல உப்பு மூட்டை!"

"ஏறுறீங்களா, இல்ல இன்னும் நாலு வருஷம் நானே மிதிக்கவா?"

தையல்காரர் ஏறினார். ஒல்லி மனிதர், நாலு நூல்கண்டை மூட்டையாகக் கட்டினால் எவ்வளவு கனமோ அவ்வளவு. ஆனாலும் இரண்டாம் மாடிக்கு மேல் அவளுக்கு மூச்சு வாங்கியது. காதுக்குப் பக்கத்தில் அவர், "மெள்ள... மெள்ள... வளைவு வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் அவள் சரியாக நிறுத்தினாள்.

பதினொன்று ஐம்பத்தெட்டு. குமாஸ்தா பேனாவோடு எழுந்து நின்றார். "எப்படி வந்தீங்க?"

"வந்தாரு சார்" என்றாள் அவள் மூச்சிரைக்க. "ஏறலை."

குமாஸ்தா யோசித்தார். எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு முகம் மலர்ந்து டாக்டரிடம் சொன்னார். "மேடம், இந்தக் குடும்பத்துக்கு மொத்தம் நாலு கால். மூணு நல்லா இருக்கு. எழுபத்தைந்து சதவீதம். இது தேர்ச்சியிலதானே வருது?"

புது டாக்டர் ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குமாஸ்தாவைப் பார்த்தார். "உங்க தலை ஒண்ணுதானே? அதுக்கு எத்தனை சதவீதம் போடலாம்?" என்றார். தையல்காரரின் முழங்காலை மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. ஒன்றரை நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்றரை நிமிஷ வேலை அது. ஆணை கைக்கே வந்துவிட்டது.

மறுபடி முதுகில் சுமந்து அவரை இறக்கினாள். இறங்கும்போது கனமே தெரியவில்லை. கீழே மூக்குக்காரர் ஒரு காகிதத்தோடு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. டோக்கன் இல்லாம ஒரு மனுதாரரை மேலே கொண்டுபோனதுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். ஏழு நாளுக்குள்ள, மூணு பிரதி."

அவள் வாங்கிப் படித்தாள். கோபம் வரப் பார்த்தது. அதற்குள் கண்ணில் வேறொன்று பட்டுவிட்டது. "தேதி போடலையேப்பா. தேதியில்லாத நோட்டீஸ் செல்லாது."

மூக்குக்காரர் பூரித்துப்போனார். "அதுக்குத்தாம்மா நீங்க செயலாளர்!"

"போதும்மா" என்றார் முதுகிலிருந்த தையல்காரர். "அந்த ஸ்டாம்பை இங்கேயே வச்சிட்டு வா. எனக்குக் காலு வரப்போகுது. உனக்கு இந்தச் சனியன் எதுக்கு?"

அவர் சொன்னது நியாயம். பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்துக் காலி நாற்காலியின் பிளாஸ்டிக் உறைமேல் வைத்தாள். மனசு லேசாயிற்று. கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வாசல் வரை நடந்தாள்.

வாசலில் நின்றாள்.

"கொஞ்சம் இறங்கி இந்தச் சுவத்தைப் பிடிச்சுக்கோங்க."

"ஏன், முதுகு வலிக்குதா?"

"அதில்லைங்க. ஸ்டாம்புக்கு மூடியைப் போடாம வச்சிட்டேன். மை காஞ்சுபோயிடும்ல?" என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பி உள்ளே ஓடினாள்.