அறுபது நாக்கு மீன்கள்

"அறுபது மீனு வாணி! ஒண்ணு ரெண்டு இல்ல..."

"அதான் நானும் கேக்கிறேன். ரெண்டு பேரு இருக்கிற வீட்டுக்கு எதுக்குங்க அறுபது மீனு? ஃப்ரீசரைத் திறந்தா ஐஸ்கிரீம் வைக்க இடமில்ல..."

"அது திங்கிறதுக்கு இல்ல!"

"பின்ன? கொலுவுல வைக்கவா?"

விமலன் காலி ஃப்ரீசரின் கதவைப் பிடித்தபடி நின்றான். காலை ஏழு மணி. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி வரைக்கும் கீழே ஓடும் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. சனிக்கிழமை கிள்ளான் படகுத் துறையில் அள்ளி வந்த நாக்கு மீன்கள் அவை. அங்கிருக்கும் மீன் ஆய்வு நிலையத்துப் பெரிய ஃப்ரீசர் பழுதாகிக் கிடந்ததால் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான். அதுதான் தப்பு.

"ஒவ்வொரு மீன் வாலுலயும் நம்பர் சீட்டு கட்டியிருந்தேனே, அதைக்கூடவா பாக்கல?"

"பாக்காம என்ன? கத்தரிக்கோலை வச்சு ஒவ்வொண்ணா அறுத்தேன். மீன்கடைக்காரன் ஏதோ விலை எழுதியிருக்கான்னு நினைச்சேன். அறுபது முடிச்சு! இங்க பாருங்க, கட்டை விரல் எப்படி வீங்கிப் போச்சு."

"இப்ப மீனு எங்க?"

"மலரு பிள்ளை பெத்து இன்னியோட பதினோரு நாளு. பத்தியத்துக்கு நாக்கு மீனு மாதிரி வருமா? சூடு கிடையாது, முள்ளு கம்மி. பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் குழம்பு வச்சு நேத்து சுங்கை வேயில இருக்கிற அவ வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்."

"உன் தங்கச்சி ஒருத்தியா அறுபது மீனைத் தின்னா?"

"அவ மாமியார் வீட்டு ஆளுங்க பதினாலு பேரு வந்திருந்தாங்க."

"பதினாலு பேருமா பிள்ளை பெத்திருக்காங்க?"

"கத்தாதீங்க. நல்ல பேரு வாங்கிக் கொடுத்திருக்கேன். ஒவ்வொண்ணையும் மூணு துண்டாப் போட்டும் சட்டி கொள்ளல. அவ்வளவு பெரிய நாக்கு மீனை நான்..."

"அளவைப் பத்தி நீ பேசாதே! அளக்கிறது என் வேலை!"

அந்த வேலைதான் இப்போது தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருடங்களாக விமலன் ஒப்பந்த ஊழியன். இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஆய்வுத் தலைவர் டாக்டர் அபிராமி அந்த அறுபது மீன்களையும் பார்த்து, அளந்து, திருப்தியாகத் தலையாட்டினால் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்து விழும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரி.

"தலை எங்க வாணி? தலை இருந்தாக்கூடப் பாதி தப்பிச்சிக்குவேன்."

"தலை எதுக்கு?"

"காதுக்குள்ள ஒரு கல்லு இருக்கும். அதை அறுத்துப் பாத்தா வளையம் வளையமாத் தெரியும். ஒரு வளையத்துக்கு ஒரு வயசு."

வாணி இடுப்பில் கை வைத்தாள். "ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கிற மீனு. அதுக்குக் காது வேற இருக்குதா?"

"தலை எங்க?"

"குப்பையில."

கீழே குப்பை லோரி பீப் பீப் என்று பின்னால் வரும் சத்தம் கேட்டது. லிஃப்ட் வரவில்லை. ஒன்பது மாடியையும் கட்டியிருந்த சாரோங்கோடு இறங்கி விமலன் வெளியே ஓடியபோது, லோரி மோனோரயில் தூணைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. அறுபது தலைகளும் அதன் வயிற்றில் போயின.

மூச்சு வாங்க மேலே வந்து படகுக்காரருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அவசரமா ஒரு அறுபது நாக்கு மீனு..."

"தண்ணி வத்திக் கிடக்கு பாஸ். படகு சேத்துல உக்காந்திருக்கு. வியாழக்கிழமை வாங்க."

வாணி தேநீரை அவன் முன்னால் வைத்தாள். இப்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஏங்க, அதே மீனைத்தானே பாசாருலயும் விக்கிறாங்க? வாங்கிச் சீட்டுக் கட்டிட்டுப் போங்க. உங்க படகு மீனு மட்டும் காலேஜுக்குப் போய்ப் படிச்சுட்டு வந்ததா?"

"உனக்குப் புரியாது. படகுல கொட்டின குவியலுல கண்ணை மூடிக்கிட்டு அள்ளணும். பெரிசும் சின்னதும் கலந்து வரும். அப்பதான் கடலுக்குள்ள நிலவரம் என்னன்னு தெரியும். கடையில இருக்கிறது யாரோ பொறுக்கி வச்சது. அதை அளந்தா கடைக்காரங்க நிலவரம்தான் தெரியும்."

"சரி, கண்ணை மூடிக்கிட்டே வாங்குங்க."

வேறு வழி தெரியாமல் எட்டரை மணிக் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு ஏறினான்.

மீன் பாசாரில் ஒரே ஒரு கடையில்தான் நாக்கு மீன் குவிந்திருந்தது. கடைக்காரி இராஜம்மா ரப்பர் பூட்ஸும் முத்து மூக்குத்தியுமாக ஐஸைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாக்கு மீனு அறுபது வேணும்."

"அறுபதா? யாருக்குத் தம்பி அறுபதாம் கல்யாணம்?"

"பெரிசும் சின்னதும் கலந்து போடுங்க."

"சின்னது இல்ல."

மேசைக்கு அடியில் ஒரு வெள்ளை நுரைப் பெட்டி இருந்தது. மூடி லேசாக விலகி, உள்ளங்கை அளவு நாக்கு மீன்கள் அடுக்காகத் தெரிந்தன.

"அதோ இருக்கே அக்கா."

இராஜம்மா பூட்ஸ் காலால் பெட்டியை உள்ளே தள்ளினாள். "அது வாடிக்கைக்கு எடுத்து வச்சது. தொடாதீங்க. பெரிசு வேணுமா, வேணாமா?"

ஏதோ சாப்பாட்டுக் கடைக்காரனாக இருக்கும் என்று விமலன் நினைத்தான். பெரியதையே வாங்கினான். மேசை ஓரத்தில், மீன் அளக்கக் கையோடு கொண்டுவந்த அளவுப் பலகையை வைத்து நான்கைந்தை அளந்தும் பார்த்தான். எல்லாம் இருபத்தெட்டு, இருபத்தொன்பது சென்டிமீட்டர்.

"மீனுக்கு என்ன தம்பி சட்டை தைக்கப் போறீங்களா?" என்றாள் இராஜம்மா.

ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து அறுபது சீட்டு எழுதி அறுபது வாலில் கட்டி முடித்தபோது மணி பதினொன்றரை. ஆய்வு நிலையத்து வாசலில்தான் நினைவு வந்தது. அளவுப் பலகை கடையிலேயே கிடக்கிறது.

டாக்டர் அபிராமி வெள்ளைக் கோட்டோடு காத்திருந்தார். பன்னிரண்டு வருடங்களாக நாக்கு மீன் மாதிரிகளை அவர் ஒருவரேதான் எடுத்து வருவார். வேறு யாரையும் விட்டதில்லை. இந்த முறை முட்டி வலி. அதனால்தான் இயக்குநர் சொல்லி விமலனுக்கு அந்தப் பாக்கியம்.

"பலகை எங்க விமலன்?"

"அது... படகுலயே விட்டுட்டேன் மேடம்."

"பரவாயில்ல. ரூலர் எடுத்துட்டு வாங்க."

விமலன் பள்ளிக்கூட ரூலரால் அளந்து சொன்னான். டாக்டர் கணினியில் தட்டினார்.

"இருபத்தெட்டு."

"ம்."

"இருபத்தொன்பது."

"ம்?"

"முப்பது மேடம்."

தட்டுவது நின்றது. டாக்டர் திரையை அவன் பக்கம் திருப்பினார். மீன்களின் சராசரி நீளத்தைக் காட்டும் பன்னிரண்டு வருடக் கோடு மாடிப்படி போல ஒரே சீராகக் கீழே இறங்கியது. இருபத்தாறில் தொடங்கிப் போன வருடம் பதினேழில் வந்து நின்றது. அதன் நுனியில் இன்றைய புள்ளி, கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே நின்றது.

விமலன் திரையை உற்றுப் பார்த்தான். இந்தக் கோட்டை அவன் முன்பு பார்த்ததில்லை. வாணி மூன்று துண்டு போட்ட கதை நினைவுக்கு வந்தது. அதைச் சொல்ல முடியுமா?

"எந்தப் படகு?"

"வழக்கமான படகுதான் மேடம்."

"எந்த இடத்துல பிடிச்சது?"

"வழக்கமான இடம்தான்."

"ஒரே வருஷத்துல பதினேழு முப்பது ஆயிடுமா?"

"இந்த வருஷம் மழை நல்லா இருந்துச்சு மேடம்."

"கடலுக்குள்ளயா?"

அந்த நேரத்தில் கதவு திறந்தது. நிலையத்தின் இயக்குநர் மெய்யப்பன் பழுப்பு உறையை ஆட்டிக்கொண்டு வந்தார். விமலனின் கடிதம் அதற்குள்தான் இருந்தது.

"என்ன டாக்டர், கையெழுத்துப் போட்டாச்சா?" என்றவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "என்னம்மா இது! மீனு குணமாயிடுச்சே!"

"சார், கொஞ்சம் பொறுங்க. இது..." என்றார் டாக்டர்.

"எதுக்குப் பொறுக்கணும்? நாக்கு மீனு பிடிக்க ரெண்டு வருஷம் தடை போடணும்னு நாளைக்கு புத்ராஜெயாவுல அமைச்சர்கிட்ட சொல்லப் போறோம். முந்நூறு படகுக்காரங்க என்னைச் சாபம் விட்டுக்கிட்டு இருக்காங்க. தடையே வேணாம்லா! விமலா, உன் கை ராசியான கைய்யா!"

அவர் போனை எடுத்தார். விமலன் யோசித்தான். பேசாமல் இருந்தால் கடிதம் கைக்கு வரும். ஆனால் அந்தக் கோடு சொல்வது நிஜமென்றால், மிச்சமிருக்கும் குஞ்சு மீன்களையும் முந்நூறு படகுகள் வழித்து எடுத்துவிடும். அவன் பொய்யால்.

"ஹலோ, புத்ராஜெயாவா? நான் கிள்ளான்லேர்ந்து..."

"சார், வச்சிருங்க!"

மெய்யப்பன் திரும்பினார்.

"இது படகு மீனு இல்ல சார். பாசாருல வாங்கினது. படகு மீனை என் வீட்டுக்காரி குழம்பு வச்சிட்டா."

"குழம்பா?"

"பத்தியக் குழம்பு சார். அவ தங்கச்சிக்கு."

மெய்யப்பன் போனை வைத்தார்.

"எந்தக் கடை?" என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில்.

"மேடம்?"

"ஒண்ணுமில்ல." டாக்டர் அபிராமி எழுந்தார். இப்போது குரல் ஓங்கியது. "கடை மீனு! கடை மீனைக் கொண்டாந்து என் மேசையில வச்சிருக்கீங்க! ஆராய்ச்சின்னா உங்களுக்கு விளையாட்டா விமலன்? பன்னிரண்டு வருஷம்! வெயிலு, மழை, அலைன்னு பாக்காம படகுல ஏறி, கண்ணை மூடிக்கிட்டுக் குவியல்லேர்ந்து ஒவ்வொரு மீனா எடுத்திருக்கேன். எத்தனை தடவை வாந்தி எடுத்திருக்கேன் தெரியுமா? அந்தக் கோட்டுல இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் என் உழைப்பு. ஒரு பொய் கிடையாது!"

"தெரியும் மேடம்."

"சார், இந்தப் புள்ளியை அழிச்சிடறேன். நாளைக்கு நம்ம பழைய கோட்டை வச்சே தடை கேப்போம். இந்த ஆளு இனிமே இங்க வேலை செய்யக் கூடாது."

மெய்யப்பன் பழுப்பு உறையை மெதுவாக இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஆறு வருஷம் விமலா. இப்படிப் பண்ணிட்டியே."

விமலன் அறுபது வால்களையும் பார்த்தபடி நின்றான். சீட்டுகளில் மை ஊறிப் பரவியிருந்தது.

அப்போது வெளியே காவல்காரரின் குரல் கேட்டது. "வாங்கக்கா, உள்ளதான் இருக்காங்க, போங்க." தரையில் ரப்பர் பூட்ஸ் சளக் சளக் என்று நடந்து வந்தது. முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு இராஜம்மா நுழைந்தாள். ஒரு கக்கத்தில் அளவுப் பலகை. இன்னொரு கையில் அந்த வெள்ளை நுரைப் பெட்டி.

"இந்தாங்க தம்பி, உங்க பலகை. இந்த ஆபீஸ் பேரு போட்டிருந்துச்சு, எப்படியும் நான் இங்க வரவேண்டியதுதானேன்னு எடுத்துக்கிட்டேன்."

பலகையை விமலனிடம் நீட்டிவிட்டு, மேசையில் கிடந்த மீன்களை ஓரமாகத் தள்ளி, பெட்டியை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். பிறகு நிமிர்ந்து முகமெல்லாம் சிரித்தாள்.

"என்ன டாக்டரம்மா, நாலு நாளா ஆளையே காணோம்? வருஷா வருஷம் கேக்கிற மாதிரியே போன தடவையை விடக் கொஞ்சம் சின்னதாப் பொறுக்கி அறுபது எடுத்து வச்சிருக்கேன், எண்ணிக்கிறீங்களா?"