தூய்மை நூற்றுக்கு எவ்வளவு?

கிடங்கு என்ற ஒன்று உலகத்தில் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, பதிவேட்டில் எழுதிய அத்தனை சாமானும் ஒன்று குறையாமல் இருந்த கிடங்கு ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரையிலிருந்து மதியம் பன்னிரண்டரை வரை மட்டுமே. அந்த இரண்டு மணி நேரத்துக்காக நான்கு அறிவியல் துறைகள் அறிவியலையே கைகழுவின. நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் இடம் கிடங்குக்காரரின் மனைவிக்கு.

அந்த வாரம் திங்கட்கிழமை காலையில் கிடங்குக்காரர் பதிவேட்டின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று நான்கு துறைகள். அந்தந்தச் சாமான் அந்தந்தத் துறையில் இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் இருபத்தெட்டு வருடங்களில் அவற்றுக்குக் கால் முளைத்துவிட்டது. இயற்பியலின் தராசு வேதியியலுக்கு நடந்தது. வேதியியலின் குடுவை உயிரியலுக்கு நடந்தது. உயிரியலின் பூதக்கண்ணாடி கணிதத்துக்கு நடந்தது. கணிதத்தின் பெரிய மரக் காம்பஸ் எங்கே நடந்தது என்பது கடவுளுக்கும் சுவர்ப் பல்லிக்கும் மட்டுமே தெரியும். பதிவேட்டின்படி கிடங்கில் இருக்க வேண்டியவை மொத்தம் அறுநூற்றுப் பதினோரு உருப்படி. கேட்டால் நான்கு துறைகளும் ஒரே குரலில், “எங்ககிட்ட இல்லையே” என்றன. நான்கு துறைகளும் ஒத்துப்போன ஒரே ஆராய்ச்சி முடிவு அதுதான்.

வெள்ளிக்கிழமை சரக்குச் சரிபார்க்க அதிகாரி வருகிறார். ஒன்று குறைந்தாலும் கிடங்குக்காரருக்கு ஊருக்கு வெளியே இருக்கும் கிளைக் கிடங்குக்கு மாற்றல். பஸ்ஸில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. பன்னிரண்டரைக்கு மனைவியோடு பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்து, சாப்பிட்டு, இருபது நிமிடம் கண்ணயர்ந்து வரும் சுகம் அதோடு சரி. மனைவிக்கு வேலை அதே நிலையத்தில், இயக்குநரின் அறைக்கு வெளியே, கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும் மேஜையில்.

“நாலே நாள்ல அறுநூறு சாமானை எப்படி வாங்கறது?” என்று அவள் மேஜைக்கே போய்ப் புலம்பினார்.

“இருபத்தெட்டு வருஷத்துல ஒரு ஸ்பூனைத் திரும்ப வாங்கியிருக்கீங்களா? நடக்கற கதையா இருந்தா பேசுங்க.”

பட்ட காலிலே படும் என்பார்கள். பதினோரு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். நான்கு துறைத் தலைவர்களும் அங்கே விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் ஒரு கடிதத்தைப் படித்தார். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய மனிதர் நிலையத்துக்கு ஒரு மண்டபம் தருகிறார். மூன்று பக்கமும் ஜன்னல், எதிரே குளம். ஆனால் அது நான்கில் எந்த அறிவியல் மிகத் தூயதோ அதற்கு மட்டும். பிற துறையின் கலப்பு எதில் குறைவோ அதுவே தூயது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அளந்து சொல்ல வேண்டும்.

“அளக்கறது நீங்கதான்,” என்று கிடங்குக்காரரைக் கை காட்டினார் இயக்குநர்.

“சார்! எனக்கு ஒரு அறிவியலும் தெரியாதே!”

“அதனாலதான். அதோட, இத்தனை வருஷமா நாலு பேருக்கும் ஒரே மாதிரி ‘ஸ்டாக் இல்லை’ன்னு சொன்ன நியாயஸ்தன் நீங்க ஒருத்தர்தான்.”

“வெள்ளிக்கிழமை சரிபார்ப்பு இருக்கே சார்...”

“அதையும் பார்த்துக்கோங்க.”

கிடங்குக்காரர் திரும்பி வந்து அலமாரியை வெறித்தார். அமில பாட்டில் ஒன்றின் மேல் ‘தூய்மை 99.5 சதவீதம்’ என்று ஒட்டியிருந்தது. மீதி அரை சதவீதம் என்ன? உள்ளே இருக்கக் கூடாதது. அவ்வளவுதானே! ஒரு துறைக்குள் நூறு சாமானுக்கு எத்தனை அடுத்த துறைச் சாமான் என்று எண்ணு, நூற்றில் கழி. விஞ்ஞானிகள் முந்நூறு வருடம் முட்டிக்கொண்ட கேள்விக்கு அவர் ஒரு தும்மல் நேரத்தில் விடை கண்டுவிட்டார்.

முதலில் கணிதத் துறை.

“இங்க அளக்க என்ன இருக்கு?” என்று சிரித்தார் கணிதத் தலைவர். “நாங்க மூளையும் சாக்பீஸும் மட்டும்தான். நூறுன்னு எழுதிட்டுக் கிளம்புங்க.”

கிடங்குக்காரர் மேஜையைப் பார்த்தார். காகிதம் பறக்காமல் இருக்க ஒரு நுண்ணோக்கி. பூ வைக்க ஒரு கூம்புக் குடுவை. ஜன்னல் சாத்தாமல் இருக்க ஒரு மின்மோட்டார். கதவுக்குப் பின்னால் பதினேழு பூதக்கண்ணாடி.

“அறுபத்தொண்ணு,” என்று எழுதினார்.

“அறுபத்தொண்ணா? அது பகா எண்ணுய்யா! எனக்குப் பிடிச்ச எண்ணை வச்சே என்னை அவமானப்படுத்தறீங்களா?”

மதியத்துக்குள் நான்கு துறைகளின் மார்க்கும் தெரிந்துவிட்டது. இயற்பியலுக்கு ஐம்பத்தெட்டு. வேதியியலுக்கு ஐம்பத்தைந்து. உயிரியலுக்கு நாற்பது, ஆனால் அவர்கள் தவளையை வேதியியலின் தொட்டியில் வளர்த்ததால் முப்பத்தொன்பது.

இரண்டு மணிக்கு ஒரு தள்ளுவண்டி கிடங்கு வாசலில் நின்றது. கணிதத் தலைவரே தள்ளி வந்திருந்தார்.

“இதெல்லாம் யாருதோ. எங்க ரூமுக்குத் தானா வந்திருக்கு. எடுத்துக்கிட்டு மறுபடி அளங்க!”

மறுபடி அளந்தார். எண்பத்துநான்கு. செய்தி பரவியது. மாலைக்குள் ஏழு தள்ளுவண்டிகள்.

“ஐயையோ, நான் உட்கார இடமில்லை!” என்று அலறிய கிடங்குக்காரர், செவ்வாய் காலையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்: ‘இன்று மூன்று மணிக்குப் பிறகு திருப்பும் சாமான் கணக்கில் சேராது.’ கூட்டம் குறையும் என்று நினைத்தார், பாவம். இரண்டே முக்காலுக்கு நிலையமே அவர் வாசலில் நின்றது. ஒரு பேராசிரியர் தராசைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தார். வரிசையின் வால் மூன்று முறை கட்டடத்தைச் சுற்றியது. நான்காவது சுற்றில் அது தன் தலையையே இடித்துக்கொண்டது.

புதன்கிழமை, மார்க்கில் ஏமாற்று இருக்கக் கூடாதென்று, யார் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு பெட்டி வைத்தார். அது அதைவிட மோசம். அரை மணியில் பெட்டி நிரம்பி, சீட்டுகள் தரையில் வழிந்தன.

‘வேதியியல் மேடத்தின் அலமாரியில், மூன்றாவது தட்டில், பழைய கோட்டுக்குள் பார்க்கவும்.’

‘இயற்பியல்காரர்கள் துணி உலர்த்தும் கொடிக்கு முட்டுக் கொடுத்திருப்பது கணிதத்தின் மரக் காம்பஸ்.’

ஒளித்த சாமானும் கிடங்குக்குப் போனதோடு விட்டார்களா? தூய்மை வெறி தலைக்கேறிவிட்டது. எடை பார்ப்பது இயற்பியல் என்று வேதியியல் தலைவி உள்ளங்கையில் உப்பை ஏந்தி, “ரெண்டு கிராம்... இல்ல, கொஞ்சம் கனக்குது, ரெண்டே கால்” என்று எழுத ஆரம்பித்தார். எண்ணுவது கணிதம் என்று உயிரியல் தலைவர் தவளைகளைப் பார்த்து ‘நிறைய’ என்று குறித்தார். ஒன்று குதித்து ஓடியதும் ‘இன்னும் நிறைய’ என்று திருத்தினார். இயற்பியலில் சமன்பாடுகளை அழித்துவிட்டு, பந்தைக் கீழே போட்டு, “பார்த்தீங்களா? விழுது. அவ்வளவுதான்” என்று பாடத்தை முடித்தார்கள். கணிதத்திலோ, எண்களை மற்ற மூன்று துறைகளும் தொட்டுவிட்டதால் அவை தீட்டு என்று எண்களையே விட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை நான்கு துறைகளும் நூற்றுக்கு நூறு. மண்டபமோ ஒன்று. நான்கு தலைவர்களும் கிடங்குக்குள் நுழைந்து, பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

“ஒருத்தரோட ஒருத்தரை ஒப்பிட்டுத்தான் பார்க்கணும்,” என்றார் கிடங்குக்காரர். அந்த வாயைத் தைத்திருக்கலாம்.

“ஒப்பிடுங்களேன்!” என்று கணிதத் தலைவர் துள்ளினார். “இயற்பியல்ல இருந்து எங்க சமன்பாட்டை எடுத்துட்டா என்ன மிச்சம்? கம்பியும் பேட்டரியும். அதைவிட நாங்க தூய்மை.”

“சரி, விட்டேன்,” என்றார் இயற்பியல் தலைவர். “வேதியியல்னா என்ன? எங்க எலக்ட்ரானை வாங்கிட்டுப் போய்க் கலர் காட்டறது. அதைவிட நாங்க தூய்மை.”

“போகட்டும்,” என்றார் வேதியியல் தலைவி. “உயிரியல் முழுக்க என் ரசாயனம்தான். என்ன, அது கொஞ்சம் நீந்துது. அதைவிட நாங்க தூய்மை.”

கடைசி இடம் தனக்குத்தான் என்று எல்லோரும் பார்த்தபோது, உயிரியல் தலைவர் நிதானமாகக் கணிதத் தலைவரிடம் திரும்பினார்.

“நீங்க கணக்கை எதால போடறீங்க?”

“மூளையாலதான்.”

“மூளை எந்தத் துறைச் சாமான்?”

கணிதத் தலைவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “அதை மட்டும் திருப்பித் தர முடியாதேய்யா!”

“அப்போ உங்களைவிட நாங்க தூய்மை.”

கிடங்குக்காரர் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். கணிதம் இயற்பியலைவிடத் தூயது, இயற்பியல் வேதியியலைவிட, வேதியியல் உயிரியலைவிட, உயிரியல் கணிதத்தைவிட. செக்குமாடு போல எங்கே தொடங்கினாலும் அங்கேயே வந்து நின்றது. எல்லோரும் முதல், எல்லோரும் கடைசி.

“ஒருத்தரும் ஜெயிக்கலையே!” என்று அன்று மாலை மனைவியிடம் அழாத குறையாகச் சொன்னார். “நாளைக்கு டைரக்டர் ஒரு பக்கம் திட்டுவாரு, அதிகாரி ஒரு பக்கம் மாத்துவாரு.”

“பார்த்துக்கலாம், தூங்குங்க,” என்றாள் அவள்.

வெள்ளி காலை சரிபார்க்கும் அதிகாரி வந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, முகத்தில் நிரந்தரமாக எலுமிச்சை கடித்த பாவனை.

“என் சர்வீஸ்ல முழுசா இருந்த கிடங்கை நான் பார்த்ததே இல்ல,” என்று நாற்காலியைத் தேடினார். நாற்காலி இருந்தது; அதன் மேல் நாற்பது பூதக்கண்ணாடிகள் இருந்தன. நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார். “தராசு, முப்பத்தாறு?”

கிடங்குக்காரர் திரும்பினார். ஜன்னல் ஓரமாகத் தராசுகள். எண்ணினார். முப்பத்தாறு.

“கூம்புக் குடுவை, நூத்திப் பன்னெண்டு?”

இருந்தது. “மரக் காம்பஸ், ஒண்ணு?” அவர் முதுகுக்குப் பின்னாலேயே சாய்ந்திருந்தது.

அப்போதுதான் கிடங்குக்காரருக்கு உறைத்தது. ஒரு வாரமாக எந்தக் குப்பையைக் கண்டு அலறினாரோ, அது குப்பையே அல்ல. அவருடைய அறுநூற்றுப் பதினொன்று!

அதிகாரி இரண்டு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

“ஒண்ணு அதிகமா இருக்கு. அதுவும் தப்புதான்,” என்று ஆவலோடு தேடினார். கடைசியில் ஒரு சுவர்க் கடிகாரம் அகப்பட்டது. திருப்பிப் பார்த்தார். பின்னால் அவர் அலுவலகத்து முத்திரை. அதைச் சத்தமில்லாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இயக்குநர் முடிவைப் படித்து, நான்கும் சமம், ஆகவே மண்டபம் யாருக்கும் இல்லை என்று அறிவித்தார். நான்கு தலைவர்களும் கை தட்டினார்கள். தனக்குக் கிடைக்காத வருத்தம் ஒரு படி என்றால், அடுத்தவனுக்குக் கிடைக்காத சந்தோஷம் ஒரு மூட்டை. தட்டி முடித்த சூட்டோடு நால்வரும் கிடங்குக்கு ஓடி, சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தராசும் குடுவையும் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

பன்னிரண்டரைக்குக் கிடங்குக்காரர் மனைவியோடு வீட்டுக்கு நடந்தார். நடையா அது? மிதந்தார்.

“அறுநூத்திப் பதினொண்ணும் திரும்பி வந்துச்சும்மா! ஒரு ஸ்பூன்கூடத் திரும்ப வாங்கினதில்லைன்னியே! இப்பவாவது நம்பறியா?”

அவள் குடையை விரித்து அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள்.

“நடந்துச்சு, ஒத்துக்கறேன்,” என்றாள். “நடக்காம இருக்குமா? அந்த மண்டபத்தை என் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து கட்டினது நான்தானே. டைரக்டர்கூட ரெண்டு பக்கம் ஜன்னல் போதும்னாரு, நான்தான் மூணா அடிச்சேன்.”