எட்டும் பத்திரம், மாமா

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் நலமும் அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆவல். போன மாதம் என்னைப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து உங்கள் பிளாஸ்க் ஒழுகுகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். வருத்தமாக இருந்தது.

நீங்கள் சேர்த்துவிட்ட ஸ்டுடியோவில் வெளியே படமெடுக்கப் போகும்போது லென்ஸ் சாமான்களைக் காப்பது என் பொறுப்பு. மூடிகள், வெயில் மறைக்கும் ஹூட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து எட்டு உருப்படி. ஸ்டுடியோ அக்கா லென்ஸ் மாற்றுகிற அவசரத்தில் கழற்றியதைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டுவார். வாங்கிக்கொள்கிறேன், அப்புறம் அது எங்கே போகிறதென்று எனக்கே தெரிவதில்லை. பூங்காவில் ஒரு மூடியைப் புல்லில் விட்டேன், புல் வெட்டும் இயந்திரம் கண்டுபிடித்துக் கொடுத்தது, நான்கு துண்டாக. அக்கா புதிது வாங்கினார். ஹூட்டைப் பெஞ்சில் வைத்தேன், ஒரு குழந்தை அதில் மண் அள்ளி வீடு கட்ட ஆரம்பித்துவிட்டது. கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு, வீடு கட்டி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். "இன்னும் ஒண்ணு தொலைஞ்சுது, உங்க மாமாவ வரச்சொல்லி அனுப்பிடுவேன்டி" என்று அக்கா சொல்லிவிட்டார். அம்மாவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வா என்று எழுதுகிறாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபோது எனக்கு அழுகை வரவில்லை மாமா, இதை விடச் சொன்னால் வரும். கேமரா வழியாகப் பார்க்கும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை, நான்தான் எல்லாரையும் பார்க்கிறேன்.

அதனால் வேலையில் சட்டைக்கு மேல் கட்டிக்கொள்ளும் ஏப்ரனில் எட்டுப் பை தைத்தேன். எதை வாங்கினாலும் அதன் பெயரையும் போடுகிற பையையும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பதினோரு பேர் உள்ள குடும்பம். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை, வரிசையாக நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்கிறார்கள். நான் முணுமுணுத்தேன். "யாருக்குடி சொல்றே, காத்துக்கா?" என்றார் அக்கா. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பின்மூடி, இடது கீழ்ப் பை!" என்று கத்தினேன். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. அந்த வீட்டுச் சின்னப் பெண் அப்படியே திருப்பிக் கத்தினாள். நான் விடவில்லை, "ஹூட், நடுப் பை!" என்றேன். பதினோரு பேரும் கூடக் கத்தினார்கள். அப்போது வீட்டுப் பெரியவர் வாயில் கைவிட்டு எடுத்து, "பல்செட்டு, சட்டைப் பை!" என்றார் பாருங்கள், மொத்தக் குடும்பமும் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா டக்கென்று படத்தை எடுத்துவிட்டார். "படம்னா இதுடி! அடுத்த ஞாயிறு ஒரு படம் நீயே எடு" என்றார்.

அறைக்குத் திரும்பியதும் பைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். எட்டும் பத்திரம். இனி நான் எதையும் தொலைக்கிற பெண் இல்லை என்று அம்மாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு என் அன்பு. வாண்டுகளுக்கு முத்தம்.

என்றும் உங்கள் பொறுப்புள்ள மருமகள்

பின்குறிப்பு: துவைப்பதற்காக ஏப்ரனைக் காலி செய்தேன். எட்டாவது உருப்படி பெரிய லென்ஸின் மூடி இல்லை மாமா, உள்பக்கம் காப்பி வாசம் அடிக்கிறது. நீங்கள் கிளம்பிய அன்று உங்கள் பிளாஸ்கை மூடிக் கொடுத்தது நான்தான். கடைக்காரர் பாவம், திட்டாதீர்கள். பிளாஸ்க் மேல் இருக்கும் கறுப்பு மூடியைக் கழுவித் துடைத்து, அம்மாவுக்குத் தெரியாமல், சனிக்கிழமைக்குள் வந்து சேருகிற மாதிரி அனுப்பிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் படம் எடுக்க வேண்டும்.

பிளாஸ்க் மூடி, இந்த உறைக்குள்!