டைம்கீப்பர் நானாவின் காசு வேட்டை

“தோட்டத்துப் புள்ளைக்குக் காசப் பத்தி என்னத்தத் தெரியும்? மாசம் ஒருக்கா கண்ணால பாக்குறது, அன்னைக்கே கடைக்காரனுக்குக் குடுக்குறது. அவ்வளவு தானே?”

இதை ஒருவர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தால் மறந்துகூடப் போயிருப்பேன். மாத்தளை பஸ் நிலையத்தின் ஒலிபெருக்கியில் சொன்னார். தம்புள்ளை பஸ்ஸில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மரக்கறி வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். கடலை விற்கிறவர் கடலையை விட்டுவிட்டுச் சிரித்தார். லொத்தர்ச் சீட்டு விற்கும் அக்கா மட்டும், “விடு தங்கச்சி, அந்த மனுசன் அப்படித்தான்” என்றார். அந்த மனிதர் அப்படித்தான் என்பதற்காக நாம் ஏன் இப்படி ஆக வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பஸ்களை நேரம் பார்த்து அனுப்பும் அவரை எல்லோரும் டைம்கீப்பர் நானா என்றார்கள். காசை அவ்வளவு நேசித்த மனிதரையும், காசு வைத்திருக்கும் மனிதர்களை அவ்வளவு அலட்சியமாக நடத்தியவரையும் மத்திய மாகாணத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே ஆள், ஒரே மரப்பெட்டி அறைக்குள், ஒரே நாற்காலியில்.

அவர் கையில் இரண்டு கடிகாரங்கள். இடது கையில் அரசாங்க நேரம், வலது கையில் தனியார் நேரம். தனியார் நேரம் மூன்று நிமிடம் முன்னே ஓடும். “ரெண்டு பஸ்ஸும் ஒண்ட ஒண்டு முந்தாம ஈக்கணும்டா, நேரமும் ரெண்டா ஈக்கணும்” என்பார். இந்த அறிவியலை மறுத்துப் பேசிய கண்டக்டர்கள் பிறகு எப்போதும் மூன்றாவது நேரத்தில்தான் புறப்பட்டார்கள்.

மனிதர்களை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. இறங்கும் ஊர்தான் பெயர். ஆஸ்பத்திரி டாக்டர் ‘கலேவெல’. கோர்ட்டில் வாதாடும் சட்டத்தரணி ‘நாவுல’. கண்டியிலிருந்து ஒரு பெண் கல்யாணம் கட்டித் தம்புள்ளைக்குப் போனபோது, “இண்டையில இருந்து நீ தம்புள்ள” என்று ஒலிபெருக்கியிலேயே பதிவு செய்து வைத்தார். வீடு மாறிய ஒருவர் கிராம சேவகரிடம் சொல்வதற்கு முன் இவரிடம் வந்து சொல்லிவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

என் வீட்டில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அம்மா இன்றைக்கும் கைநாட்டு. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, பெறுபேறு வரும்வரை நானாவின் பெட்டி அறைக்குப் பக்கத்திலிருந்த போட்டோகொப்பிக் கடையில் வேலை பார்த்தேன். என் பரீட்சை அனுமதி அட்டையில் என் பெயர் முழுசாக அச்சடித்திருந்தது. நானாவுக்கு நான் ‘ரத்தோட்ட’. அவ்வளவுதான்.

இன்னொரு குறையும் அவருக்கு உண்டு. மைக்கை மூட மாட்டார். அவர் மனைவி ராத்தா போன் எடுத்து மீன் வாங்கச் சொன்னால் பஸ் நிலையம் முழுக்க அவர்கள் வீட்டுச் சாப்பாடு தெரிந்துவிடும். “நேத்தும் சூடைதானே நானா?” என்று டிரைவர்கள் கேட்பார்கள்.

கண்டக்டர்களுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். பையில் வித்தியாசமான காசு ஒன்று விழுந்தால் முதலில் அவரிடம் காட்ட வேண்டும். அவர் காசைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் பார்ப்பார். சிமெந்துத் தரையில் போடுவார். மைக் திறந்தே இருப்பதால் ‘டிங்’ என்ற சத்தம் மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் போகும். “இது குவைத். வீட்டு வேலைக்குப் போய் வந்த ஆரோ குடுத்தீக்கி” என்பார். பிறகுதான் மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார். தவறியதே இல்லை. இந்த மனிதருக்கு உலகத்துக் காசெல்லாம் குரலிலேயே தெரியும். முன்னால் நிற்கிற மனிதரின் பெயர் தெரியாது.

சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் பாதி பஸ்தான் ஓடும். ஊருக்குப் போக வழியில்லாமல் ஆட்கள் நிலையத்தில் குந்திக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு நாளைக்காகத்தான் நானா வருஷம் முழுக்க உயிர் வாழ்ந்தார் என்று நினைக்கிறேன். அன்றைக்குத்தான் காசு வேட்டை. தேட வேண்டிய ஏழு சாமான்களின் பட்டியலை முந்தின நாள் மாலையே கண்ணாடியில் ஒட்டிவிடுவார். விலை கொடுத்து வாங்கக் கூடாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். பின்னேரம் நாலு மணி இரத்தோட்டை பஸ்ஸுக்கு முன் ஏழையும் கொண்டுவந்து அவர் மேசையில் வைக்க வேண்டும்.

பரிசு, காசு இல்லை. வென்றவரின் பெயரை ஏழு நாளைக்கு, ஒவ்வொரு பஸ்ஸும் புறப்படும் முன், ‘கௌரவ’ என்று முன்னால் போட்டு ஒலிபெருக்கியில் சொல்வார். ஊர்ப் பெயர் இல்லை, சொந்தப் பெயர்.

எனக்கு அந்தப் பரிசு வேண்டியிருந்தது. அதுவரை அந்த ஒலிபெருக்கிக் குழாயில் எங்களுக்கென்று வந்த ஒரே அறிவித்தல், “தோட்டத்து ஆக்கள் மூட்டைய சீட்டுல வெக்க வேணாம்” என்பதுதான். சந்தைக்கு வந்து இறங்கும் எங்கள் ஆட்களின் காதில், எங்களில் ஒருத்தியின் பெயர் அதே குழாயிலிருந்து மரியாதையாக விழ வேண்டும். பட்டியலை நகல் எடுக்க வந்தவரிடம், “நானும் சேரட்டுமா நானா?” என்று கேட்டேன். அதற்கு அவர் பெட்டி அறைக்குத் திரும்பிப் போய் மைக்கில் சொன்னதுதான் முதலில் எழுதிய அந்தப் பதில்.

பட்டியலின் கடைசி வரி: ‘நானா இதுவரைக்கும் காணாத காசு.’

அன்றிரவு தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டில் படுத்தபடி சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கதவுச் சாவி ஓர் இரும்பு வளையத்தில் தொங்கும். அந்த வளையத்தில், தொலையாமல் இருப்பதற்காக, ஒரு பித்தளை வில்லை. நடுவில் ஓட்டை, இரண்டு ஆங்கில எழுத்து, பின்பக்கம் ஒன்று என்ற இலக்கம். கோப்பித் தோட்டக் காலத்தில் ஒரு கூடை பழத்துக்கு ஒரு வில்லை கொடுத்தார்களாம். அம்மா சொல்லி எனக்கும் தெரியும். வளையம் துருப்பிடித்திருந்ததால் வில்லையைக் கழற்ற முடியவில்லை. காலையில் சாவியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சேரக் கூடாது என்று மட்டும் நானா சொல்லவில்லை; வேட்டையில் என்னோடு பதினாறு பேர். எனக்கு உண்மையான போட்டி நகைக்கடை முதலாளியின் மகள்தான். கண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போவதால் நானாவுக்கு அவள் ‘கண்டி’. நல்ல பெண். அதுதான் இன்னும் எரிச்சல்.

சதுர ஐந்து சதம் சர்பத் கடையில் இருந்தது. முதலாளியின் கல்குலேட்டரில் பற்றரி ஆடாமலிருக்க அதைத்தான் செருகி வைத்திருந்தார். “எடுத்துட்டுப் போ மகள். ஆனா நீ திருப்பித் தார வரைக்கும் கூட்டல் கழித்தல் எல்லாம் நீதான் பாக்கணும்” என்றார். மூன்று பேருக்குச் சர்பத் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஓட முடிந்தது.

ஓரம் நெளிந்த இரண்டு சதம் இரத்தோட்டை பஸ் டிரைவரிடம். கண்ணாடிக்கு மேலே மஞ்சள் துணியில் முடிந்து, தேசிக்காயோடு கட்டியிருந்த நேர்த்திக் காசு.

“அவுத்தா பஸ் பள்ளத்துல போயிரும் புள்ள.”

“அவுக்க வேணாம் அண்ணே. அப்படியே கொண்டு வாங்க.”

“நானே வரணுமா?”

“வேற வழியில்லையே.”

அவர் தேசிக்காய், மிளகாய், மஞ்சள் துணி எல்லாவற்றையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி ஊர்வலம் போல என் பின்னால் நடந்து வந்தார். நானா துணிக்கு மேலாலேயே விரலால் தடவிப் பார்த்து, “ரெண்டு சதம்தான். நாலு மணிக்கு வண்டியக் கெளப்பு” என்றார்.

இப்படியே ஆறு சாமான் சேர்ந்தது. மூன்றரைக்கு என்னிடம் ஆறு, கண்டியிடமும் ஆறு. மற்றவர்கள் எல்லாம் விலகிப் போய் ஐஸ் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஏழாவதாக வைத்தது கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த காசு. நடுவில் சிவப்புப் பூவை வர்ணத்தில் தீட்டியிருந்தது. நானா தரையில் போட்டார். டிங். முகம் மலர்ந்தது. “காசுக்குப் பவுடர் பூசி ஈக்காங்க” என்றார். ஒப்புக்கொண்டார்.

நான் சாவியை வைத்தேன். அதையும் போட்டார். சாவியும் வளையமும் சேர்ந்து விழுந்ததில் சத்தம் குழம்பியது. மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். வாழ்க்கையில் அவர் அதைக் கண்டதில்லை என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது.

“இது காசு இல்ல. சாவிக்கொத்து.”

“காசுதான் நானா. கோப்பி பறிச்சதுக்குக் குடுத்தது.”

“அப்ப போய் இதுக்கு ஒரு வெத்தில வாங்கிட்டு வா பாப்பம்.”

“அவ காசுக்கு மட்டும் இங்க வெத்தில குடுப்பாங்களா?”

“கனடாவுல குடுப்பாங்க.”

“கனடாவுல யாரு நானா வெத்தில விக்கிறா?”

பஸ் நிலையம் சிரித்தது. முதல் தடவையாக என் பக்கம் நின்று சிரித்தது. நானா சிரிக்கவில்லை.

“காசுண்டா அதுக்கு ஒரு நாடு ஈக்கணும். இது எந்த நாட்டுக் காசு? அதச் சொல்லு, நான் ஒத்துக்கிறன்.”

நான் படித்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

“அடியே, சாவிய எதுக்குடி தூக்கிட்டு வந்த?”

அம்மா. காலையில் வழக்கம்போல பூட்டை அழுத்திவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து கூரையிடுக்கில் கைவிட்டால் சாவி இல்லை. மழை. பஸ் காசும் வீட்டுக்குள். கண்டக்டரிடம் கெஞ்சி ஏறி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, நனைந்த சேலையோடு அத்தனை பேருக்கும் நடுவில் வந்து நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

“கொஞ்சம் பொறும்மா. இது எந்த நாட்டுக் காசுன்னு நானா கேக்குறாரு.”

அம்மா சாவியைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார்.

“அதையேதான் எங்க தாத்தாகிட்டயும் கேட்டாங்க நானா. நீ எந்த நாட்டு ஆளு, சொல்லுன்னு. பிரஜாவுரிமைக்கு எழுதிக் குடுக்கப் போனப்ப. அவருகிட்ட வேற கடுதாசி இல்ல, இந்த வில்லையத்தான் காட்டுனாராம். எங்க பாட்டன் பூட்டன் இங்க பறிச்சதுக்கு இதான் சாச்சின்னு. அப்பயும் இது ஒண்ணுமில்லன்னுட்டாங்க. நீங்க சாவியக் குடுங்க, அடுப்புல ஒல வெக்கணும்.”

கோபமே இல்லாமல், உப்பு கேட்கிற குரலில் சொன்னார். மைக் திறந்திருந்தது.

கடலைக்காரர் சட்டியைத் தட்டவில்லை. டிரைவர் மஞ்சள் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். நானா சாவியை அம்மாவின் கையில் வைத்துவிட்டு, இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு மணி இரத்தோட்டை பஸ் அன்றைக்கு நான்கு நிமிடம் பிந்திப் போனது. அரசாங்க நேரத்துக்கும் பிந்தி, தனியார் நேரத்துக்கும் பிந்தி.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு முடிவைச் சொன்னார். வென்றது கண்டி.

ஏழு நாள் அவள் பெயர் ஒலித்தது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும். போட்டோகொப்பி இயந்திரத்தின் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் கேட்டது. எட்டாம் நாள் நானா எங்கள் கடைக்கு நேர அட்டவணையைக் கொண்டுவந்தார், நகல் எடுக்க. மறுநாளும் அதையே கொண்டுவந்தார். பதினைந்து வருஷமாக மாறாத அட்டவணை. ஒரு மாதத்தில் மாத்தளையில் ஆளுக்கொரு பிரதி இருந்திருக்கும்.

“ரத்தோட்ட, அந்தக் காச இன்னொருக்காக் காட்டு.”

“எது நானா? அது சாவிக்கொத்து.”

ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, இதே பதில். நான் காட்டவே இல்லை. அவர் ‘காசு’ என்றுதான் கேட்டார் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது லொத்தர் அக்கா. அதற்கும் நான் இரங்கவில்லை. அதைக் குழாயில் சொல்லட்டும், கடை வாசலில் குசுகுசுப்பது யாருக்கு வேண்டும்?

அது நடந்து நான்கு வருஷமாகிறது. நான் படிக்கக் கம்பசுக்குப் போனேன். நிலையத்தில் நேரம் காட்டும் மின்சாரப் பலகை வந்தது, மரப்பெட்டி அறையைக் கழற்றினார்கள், நானா உக்குவளையில் இருக்கும் தன் வீட்டோடு அடங்கினார். பலகையில் எல்லா பஸ்ஸும் நேரத்துக்கு வருகின்றன. பஸ்தான் வருவதில்லை. புத்தாண்டுக்கு மறுநாள் ஆட்கள் இப்போதும் குந்திக்கொண்டிருக்கிறார்கள். போனைப் பார்த்துக்கொண்டு.

போன மாதம் ஒரு கண்டக்டர் சொன்னார், மாத்தளையிலிருந்து யார் போனாலும் நானா கேட்பது ஒன்றைத்தானாம்: “அது எந்த நாட்டுக் காசுண்டு தெரிஞ்சிச்சா?” கொழும்பிலிருந்து பழங்காசுப் புத்தகங்கள் வரவழைத்துத் தேடியிருக்கிறார். இப்போது கண் மங்கிவிட்டது, பேரப்பிள்ளைகளை வாசிக்க வைத்துத் தேடுகிறாராம். அவருக்குத் தூக்கம் கெட்டது என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் இருந்தது. அடுத்த நாள், அந்த வில்லையைப் பற்றி இந்த மாவட்டத்தில் கவலைப்பட்ட ஒரே ஆள் அந்த மனிதர்தான் என்ற எண்ணம் வந்து, என் தூக்கமும் போனது.

வில்லையைப் பழங்காசு ஆராயும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். மாத்தளை மலையிலிருந்த ஒரு கோப்பித் தோட்டத்துக்காக அடித்தது, அந்தத் தோட்டத்துக் கடையில் மட்டும் செல்லும், வேலியைத் தாண்டினால் செல்லாது, தாண்டக் கூடாது என்பதற்காகவே அடித்தது என்று. நானா கேட்டதற்குப் பதில் அதில் இருந்தது. அது அவர் பிறந்த மாவட்டத்துக் காசு.

அதைத் தமிழில் எழுதினேன். சாதாரண எழுத்தில் அச்சடித்தால் அவர் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கும். அதனால் எழுத்தைப் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன், அரைப் பக்கம் ஆறு பக்கமானது. போன வெள்ளிக்கிழமை, அவர் ஜும்ஆ தொழுகை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து, அந்த ஆறு பக்கத்தோடும் உக்குவளையில் இறங்கி, அவர் வீட்டுக் கேட்டைத் தட்டினேன்.