ஆறு முதல் ஏழு வரை அட்வெர்ப்

பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். பயம் எனக்குப் புதிது இல்லை. ஆனால் நாற்பத்தேழு வயதில் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து நடுங்குவேன் என்று நினைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் எனக்குப் பத்தொன்பது வருஷ வேலை. இஸ்திரி மெஷின் பக்கத்தில் நின்று நின்று, முழங்கால் இரண்டும் தனித்தனியாகப் புலம்புகின்றன. எங்கள் சூப்பர்வைசர் அம்மா ஓய்வு பெறப் போகிறார். அவருக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி உண்டு. மேஜையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். நாற்காலி எனக்கு வேண்டும்.

அதில் உட்காருகிறவர் ஒவ்வொரு மூட்டைக்கும் இங்கிலீஷில் சீட்டு எழுத வேண்டும். சீட்டில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் துணி எப்படிப்பட்டது என்று எழுத வேண்டும்: கிழிந்தது, ஈரமானது, அழுக்கானது. இரண்டாவதில் அதை எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுத வேண்டும்: மெதுவாக, அழுத்தமாக, தனியாக. முதலாவது அட்ஜெக்டிவாம், இரண்டாவது அட்வெர்பாம். ஏழாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைக் கூப்பிட்டால் மற்றது வந்து நிற்கும். அந்த நாற்காலிக்கு வைக்கப்போகும் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

கீழ்வீட்டு நர்ஸக்கா இதற்காகவே தன் கூடத்தில் மாலை ஆறு முதல் ஏழு வரை வகுப்பு நடத்தினார். சேரப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிக்கும் குமாஸ்தா. ஏழு மணிக்குத் தட்டில் சாப்பாடு இல்லையென்றால் பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டது என்று நம்புகிறவர்.

“வகுப்பு எதுக்கு? நான் ஒருத்தன் இருக்கேனே!”

“உங்களுக்கு இங்கிலீஷ் வருமா?”

“இருபத்தாறு வருஷமா இங்கிலீஷ் தபாலைப் பிரிக்கிறேன்.”

“பிரிக்கிறீங்க. படிக்கிறீங்களா?”

அதை அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். “நர்ஸக்கா வகுப்புல இடமே இல்லையாம். பாவம் நீ. சரி, ஆறு மணிக்கு நானே சொல்லித் தர்றேன். நீ பாட்டுக்குச் சமைச்சுக்கிட்டே கேளு.”

பாடம் ஆரம்பமானது.

“ஸ்லோ, அட்ஜெக்டிவ். பின்னால ஒரு ‘லி’ போடு. ஸ்லோலி. அட்வெர்ப். முடிஞ்சது!”

“அப்போ ஃபேமிலி?”

“அது விதிவிலக்கு.”

“நம்ம ஃபேமிலி மட்டுமா, எல்லார் ஃபேமிலியுமா?”

இரண்டாம் நாளும் இப்படியே போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்து மனசு இளகி, கத்தியைப் பிடுங்கினார். “இங்க பாரு. இந்த வெங்காயம் பெருசு. அது வெங்காயத்தோட குணம், அட்ஜெக்டிவ். நான் இதை எப்படி வெட்டுறேன்? மெதுவா வெட்டுறேன். அது வேலையோட குணம், அட்வெர்ப்.”

பொய் சொல்லக் கூடாது. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பொறி தட்டியது. என் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவரும் மலர்ந்தார். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிய, எட்டு வெங்காயம் வெட்டினார்.

மூன்றாம் நாள் காலையில் நர்ஸக்கா படிக்கட்டில் மறித்தார்.

“ஏம்மா, நீ ஏன் வகுப்புக்கு வரலை?”

“இடம் இல்லைன்னு சொன்னீங்களாமே, அக்கா?”

“நாலு நாற்காலி காலியா கிடக்கு. உன் வீட்டுக்காரர்தான் வந்து, ‘இடம் இல்லைன்னு சொல்லிடுங்க, ஏழு மணிச் சாப்பாடு கெட்டுடும்’னு கையெடுத்துக் கும்பிட்டார்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு முன்னால் கவலை வந்துவிட்டது. சண்டை போட்டால் மூன்று நாள் பேச மாட்டார். பரீட்சைக்கு முன்னால் மூன்று நாளை யார் வீணாக்குவார்கள்?

அன்று மாலை சொன்னேன். “என்னங்க, வெட்டுறது புரிஞ்சிடுச்சு. வேக வைக்கிறது, கழுவுறது, துடைக்கிறது, இதெல்லாம் புரியலை. நீங்க செஞ்சு காட்டினாத்தான் மண்டையில ஏறுது.”

“அப்படியா?” என்றார். வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

“ஆனா நீங்க செய்யும்போது நான் நின்னா, கை துறுதுறுங்குது. குறுக்க வந்துடுவேன். நான் படியில உட்கார்ந்து நேத்துப் பாடத்தை எழுதுறேன். நீங்க முடிச்சு வைங்க. வந்து பார்த்து, எப்படிச் செஞ்சிருக்கீங்கன்னு பத்து வரி எழுதுறேன்.”

தன் தடுமாற்றத்தை நான் பார்க்காமல் இருப்பது அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. நான் நோட்டோடு படியிறங்கினேன். படியில் உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினேன்.

நர்ஸக்கா வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் என் உயிர் மேலேதான். கேஸை மூடினாரா? துணியை அடுப்புப் பக்கம் வைத்தாரா? ஒருநாள் மேலே பாத்திரங்கள் மொத்தமாக விழுந்தன. வகுப்பே கூரையைப் பார்த்தது.

“எப்படி விழுந்தது? இங்கிலீஷ்ல சொல்லு” என்றார் நர்ஸக்கா.

“லௌட்லி.”

“சரியான விடை. உட்காரு, ஓடாதே.”

ஏழு மணிக்கு மேலே போனால் முதல் வாரம் முட்டையில் ஓடு இருந்தது. இரண்டாம் வாரம் ஓடு இல்லை. மூன்றாம் வாரம் உப்பும் சரியாக இருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டே பத்து வரி எழுதுவேன். அவர் என் நோட்டைப் புரட்டிவிட்டு, “என்னமா தேறிட்டே! எல்லாம் சொல்லித் தர்ற விதம்” என்பார். எனக்குத் தொண்டையில் சாப்பாடு இறங்காது. இந்த மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று இருக்கும். பிறகு முழங்கால் ஞாபகம் வரும். இறங்கிவிடும்.

பரீட்சை அன்று பன்னிரண்டு மூட்டை வைத்தார்கள். பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. ஆனால் எழுதினேன். துணியின் குணம் முதல் கட்டம், வேலையின் குணம் இரண்டாவது கட்டம். பன்னிரண்டும் சரி. நாற்காலி எனக்கு!

வீட்டுக்காரர் மாடி முழுக்கச் சொல்லிவிட்டார். “நான்தான் பாடம் எடுத்தேன்.” அந்த நேரம் பார்த்து நர்ஸக்கா ஏறி வந்து என் கையில் ஒரு காகிதம் கொடுத்தார். வீட்டுக்காரர் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார். வகுப்புக்கு வந்ததற்கான சான்றிதழ். பதினாறு நாள், மாலை ஆறு முதல் ஏழு வரை, சேர்ந்ததிலிருந்து ஒருநாள்கூடத் தவறவில்லை. பாதியில் அவர் சத்தம் குறைந்தது.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். “அப்போ நான் இத்தனை நாளா யாருக்குப் பாடம் எடுத்தேன்?”

“முதல் பாடம் எனக்குத்தாங்க. சத்தியமா அது உங்களாலதான் புரிஞ்சது. மிச்சத்தை நீங்களே கத்துக்கிட்டீங்க.”

“போகட்டும். பரீட்சை முடிஞ்சாச்சு. இனிமே ஆறு மணிக்கு நீ வீட்லதானே?”

எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். “சூப்பர்வைசருக்கு ஷிஃப்ட் முடியறதே எட்டு மணிக்குத்தாங்க.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அப்போ ஏழே முக்காலுக்கு அடுப்புல ஏத்தினாத்தான் நீ வரும்போது சூடா இருக்கும்.”